கடல் கொள்ளைக்காரனும் கரும்புத் தோட்டமும்



எங்க ஊர்ல இருந்து கடல் இருநூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு. பெரியவங்கள்ல பலபேர் கடலைப் பார்த்ததே ராமேஸ்வரம் போனப்பத்தான். ஆனா கப்பல், வாள், மண்டையோட்டுக் கொடின்னு ஒரு படம் வந்தா போதும், அறுப்புக் காலமா இருந்தாலும் டூரிங் கொட்டகை நிறைஞ்சிரும். இது எங்க ஊர்ச் சங்கதி மட்டும் இல்லைங்க. டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடிச்ச ‘தி பிளாக் பைரேட்’ 1926ல வந்த பேசாத படம். பர்ட் லங்காஸ்டரோட ‘தி கிரிம்சன் பைரேட்’ 1952. ஜானி டெப்போட ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ 2003. நூறு வருஷமா இந்த வகைப் படம் படுக்குது, எந்திரிக்குது, மறுபடியும் ஓடுது.

ராஜா ராணி படத்துலயும் வாள்சண்டை இருக்கு. காதல் இருக்கு. ஆனா இங்க நாம கை தட்டுறது ஒரு திருடனுக்கு. நம்ம களத்துல ஒரு மூட்டை நெல்லு காணாமப் போனா சும்மா விடுவோமா? அப்புறம் ஏன் கடல்ல திருடுறவனை மட்டும் நமக்குப் பிடிக்குது?

எனக்குத் தோணுற பதிலைச் சொல்றேன். இந்தப் படங்களோட ருசி கடல்ல இல்ல, கரையில இருக்கு. கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி அந்த ஆளு யாருகிட்ட, எந்த மண்ணுல கட்டுண்டு கிடந்தான் அப்படிங்கிறதுல இருக்கு. அதுக்கு ஒரே ஒரு கதையை வேர் வரைக்கும் தோண்டிப் பார்க்கலாம். நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான்.

‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965 ஜூலையில வெளிவந்துச்சு. பி.ஆர். பந்துலு எடுத்த படம். எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் சேர்ந்து நடிச்ச முதல் படம் அதுதான். நம்பியார் வில்லன். கார்வார் கடல் பக்கம் போய்க் கப்பல் காட்சிகளை எடுத்தாங்க. 2014ல டிஜிட்டல் பண்ணித் திரும்ப விட்டப்போ, சென்னையில நூறு நாளைத் தாண்டி ஓடுச்சு. கதை என்ன? ஒரு வைத்தியர். காயம்பட்ட கலகக்காரங்களுக்கு மருந்து போட்டாரு. அதுக்காக அவரையும் கலகக்காரன்னு சொல்லி, ஒரு தீவுக்கு அடிமையா அனுப்பிடுறாங்க. அப்புறம்தான் கப்பல், கொள்ளை, வாள்சண்டை எல்லாம்.

நான் அதை மணல்ல உட்கார்ந்து பார்த்தப்போ எனக்குப் பத்துப் பன்னெண்டு வயசு. அன்னைக்குக் கொட்டகையில விசில் பறந்தது சண்டைக்கு மட்டும் இல்ல. அடிமைகள் எல்லாம் கப்பல்ல நின்னுக்கிட்டு, பறவையைக் காட்டி விடுதலையைப் பாடுற கண்ணதாசன் பாட்டு வரும் பாருங்க, அப்போ முன்னாடி மணல்ல உட்கார்ந்திருந்த பண்ணையாளுங்க எந்திரிச்சே நின்னுட்டாங்க. வருஷக் கூலிக்கு முன்பணம் வாங்கினவங்க அவங்க. வாங்கின பணம் கழியாது. பொண்டாட்டி பிள்ளையும் அதே தோட்டத்துல வேலை செய்யும். வேற தோட்டத்துக்குப் போகணும்னா, புதுசா வர்ற பண்ணையக்காரர் பழைய கடனை அடைச்சுக் கூட்டிட்டுப் போகணும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லயே வந்தாச்சு. ஆனா எங்க பக்கம் கடன் நோட்டு அதுக்கு அப்புறமும் பல வருஷம் டிரங்குப் பெட்டிக்குள்ள பத்திரமா இருந்துச்சு. அந்த மனுசங்களுக்கு அந்தப் பாட்டு வெறும் பாட்டு இல்லைங்க.

இந்தக் கதை ஹாலிவுட்ல இருந்து வந்தது. 1935 டிசம்பர்ல வந்த ‘கேப்டன் பிளட்’. இயக்கினவர் மைக்கேல் கர்டிஸ். எரோல் ஃபிளின் அப்படிங்கிற, யாருக்கும் தெரியாத ஆஸ்திரேலியப் பையன் ஒரே படத்துல பெரிய நட்சத்திரம் ஆனாரு. அப்போ அமெரிக்காவுல பெரும் பொருளாதார வீழ்ச்சி. வேலை போயி, நிலம் போயி, ஜனங்க ரொட்டிக்கு வரிசையில நின்ன காலம். அந்த மாதிரி நேரத்துல ‘எவன் என்னைக் கட்டிப் போட்டானோ, அவன் கப்பலை நான் எடுத்துக்கிட்டேன்’னு ஒருத்தன் திரையில நின்னா எப்படி இருந்திருக்கும்! சினிமாக்காரங்க சின்னச் சின்ன பொம்மைக் கப்பலை வெச்சும், பழைய பேசாத படத்துத் துண்டுகளைச் சேர்த்தும்தான் சண்டையைக் காட்டினாங்க. ஜனங்க அதைக் கண்டுக்கவே இல்லை.

அந்தப் படத்துக்கு மூலம் 1922ல ரஃபேல் சபாட்டினி எழுதின நாவல். நாவலுக்கு அடியில இருக்குறது நிஜமா நடந்த ஒரு சம்பவம். அது கடல்ல ஆரம்பிக்கலை, வயக்காட்டுல ஆரம்பிச்சுது.

1685. இங்கிலாந்துல இரண்டாம் ஜேம்ஸ் புதுசா ராஜா ஆயிருக்காரு. செத்துப்போன அண்ணன் ராஜாவோட முறை தவறிப் பிறந்த மகன் மான்மத் பிரபு, பட்டம் எனக்குத்தான்னு சொல்லி ஜூன் மாசம் தென்மேற்குக் கரையில வந்து இறங்கினாரு. அவரோட வந்தது நூறு பேர்கூட இல்லை. ஆனா டார்செட், சாமர்செட், டெவன்னு அந்தப் பக்கத்துச் சனங்க ஆயிரக்கணக்குல சேர்ந்தாங்க. யாரு தெரியுங்களா? கம்பளித் துணி நெய்யுறவங்க, செருப்புத் தைக்கிறவங்க, சின்னச் சின்ன விவசாயிங்க. துப்பாக்கி பத்தலை. புல்லு அறுக்கிற நீள அரிவாளை நேரா நிமிர்த்திக் கம்புல கட்டிக்கிட்டுப் போனாங்க. வைக்கோல் அள்ளுற முள்ளுக் கம்பைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. இன்னைக்கும் அதை அந்த முள்ளுக் கம்பு பேர் சொல்லித்தான் ‘கலகம்’னு கூப்பிடுறாங்க.

ஜூலை 6, விடியறதுக்கு முன்னாடி, செட்ஜ்மூர் அப்படிங்கிற சதுப்புக் காட்டுல ராஜா படை தூங்கும்போது தாக்கலாம்னு திட்டம். மூடுபனி. சத்தம் இல்லாம நடந்து வந்தாங்க. வழியில வடிகால் வாய்க்கால். எங்க இறங்கினா கடக்கலாம்னு அந்த இருட்டுல தடவிக்கிட்டு இருந்தப்போ ஒரு துப்பாக்கி வெடிச்சிருச்சு. எதிரி முழிச்சுக்கிட்டான். அடுத்த வாய்க்காலைத் தாண்டவே முடியலை. விடிஞ்சப்போ எல்லாம் முடிஞ்சு போச்சு. தண்ணி பாய்ச்சுறவனுக்கு வாய்க்கால் மடை இருட்டுல எப்படி ஏமாத்தும்னு தெரியும். ஒரு ராஜ்ஜியத்தோட தலையெழுத்தும் அப்படி ஒரு வாய்க்கால்ல போயிருக்கு.

அப்புறம் தலைமை நீதிபதி ஜெஃப்ரீஸ் ஊர் ஊரா வந்து விசாரணை நடத்துனாரு. சுமார் 320 பேருக்குத் தூக்கு. எண்ணூறுக்கு மேல பேரைக் கப்பல்ல ஏத்தி, கரீபியன் தீவுகளுக்குப் பத்து வருஷம் கட்டாய வேலைக்கு அனுப்புனாங்க. இதுல கருணை ஒண்ணும் இல்லை. ஆளுக்குப் பத்து பவுண்டு, ஒருவேளை பதினைஞ்சு பவுண்டு பெறும்னு அந்த நீதிபதியே ராஜாவுக்கு எழுதியிருக்காரு. ராஜா தனக்கு வேண்டியவங்களுக்கு இத்தனை தலைன்னு பரிசாப் பிரிச்சுக் கொடுத்தாரு. சந்தையில மாடு விலை பேசுற மாதிரி. படத்துலயும் கதாநாயகனை ஏலத்துல அந்தப் பொண்ணு எடுக்குறது பத்து பவுண்டுக்குத்தான்.

இன்னொரு சின்ன விஷயம். கடல் கொள்ளைக்காரன்னா ‘ஆர்ர்ர்’னு இழுத்துப் பேசணும்னு ஒரு வழக்கம் இருக்கே, அது 1950ல டிஸ்னி எடுத்த ‘டிரெஷர் ஐலண்ட்’ படத்துல ராபர்ட் நியூட்டன் பேசின பேச்சுல இருந்து பரவினது. அவரு டார்செட்காரர். தன் ஊர்ப் பேச்சையே கொஞ்சம் அழுத்திப் பேசினாரு. அரிவாளைக் கம்புல கட்டிக்கிட்டுப் போனாங்களே, அந்த விவசாயிங்களோட மண்ணுப் பேச்சு அது. உலகம் முழுக்க அதைக் கொள்ளைக்காரன் பேச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு.

சபாட்டினியோட டாக்டருக்கு நிஜத்துல ஒரு மாதிரி உண்டு. பேரு ஹென்றி பிட்மன். அறுவை வைத்தியர். செட்ஜ்மூர்ல காயம்பட்டவங்களுக்குக் கட்டுப் போட்டவர். அவரும் அவர் தம்பியும் பார்படோஸ் தீவுக்குப் போனாங்க. விடுவிச்சுடறோம்னு ஒரு தரகர் அவங்க சொந்தக்காரங்ககிட்ட 60 பவுண்டு வாங்கிக்கிட்டாரு. அங்க போய் இறங்கினா, பணம் கட்டாதவங்களை வித்த மாதிரியே இவங்களையும் வித்துட்டாங்க. தம்பி அந்தத் தீவுலயே செத்துப் போனாரு. பிட்மன் வைத்தியம் பார்த்தாரு. காசு முதலாளிக்குப் போச்சு. ஒழுங்கான சாப்பாடு கொடுக்காம வேலை செய்ய மாட்டேன்னு சொன்னதுக்குப் பிரம்பால அடிச்சு, கால்ல கட்டை மாட்டி வெயில்ல உட்கார வெச்சாங்க.

பார்படோஸ் பெரிய தீவு இல்லை, சுமார் 430 சதுர கிலோமீட்டர். நம்ம ஊர்ல ஒரு தாலுகா அளவு. அதுல 1640கள்ல இருந்து கரும்பு, கரும்பு, கரும்புதான். நானும் கரும்பு போடுறவன். வெட்டின கரும்பைச் சீக்கிரம் ஆட்டணும், இல்லைன்னா சாறு கெட்டுரும். அதனால வெட்டு ஆரம்பிச்சா ராத்திரி பகல் கிடையாது. எங்க அப்பா காலத்துல மாடு பூட்டி ஓட்டுற இரும்பு உருளை ஆலை இருந்துச்சு. தூக்கக் கலக்கத்துல கரும்பு கொடுக்கிறவரோட கை உள்ள போனா அவ்வளவுதான். எங்க ஊர்லயே ரெண்டு விரல் இல்லாத பெரியவர் ஒருத்தர் இருந்தாரு. கரீபியன் தீவு ஆலைங்கள்ல உருளைக்குப் பக்கத்துல ஒரு கோடாலி தயாரா வெச்சிருப்பாங்களாம். கை மாட்டினா உருளை ஆளையே இழுக்கிறதுக்கு முன்னாடி கையை வெட்டி விட. வெட்டுப்பட்ட கைக்கு ஒரு விலையும் கிடையாது.

இப்போ இதுக்குப் பக்கத்துல கொள்ளைக்காரங்க எழுதி வெச்ச ஒப்பந்தத்தைப் பாருங்க. எக்ஸ்குவெமெலின் அப்படின்னு ஒருத்தர். அவரும் 1666ல கரீபியன் தீவுக்கு ஒப்பந்தக் கூலியா வந்து, விற்கப்பட்டு, பிறகு கொள்ளைக்காரங்களோட வைத்தியரா சேர்ந்தவர். 1678ல ஆம்ஸ்டர்டாம்ல அவரோட புத்தகம் வந்துச்சு. கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடியே எழுதிக்குவாங்களாம். சண்டையில வலது கை போனா 600 ஸ்பெயின் வெள்ளிக்காசு. இடது கை 500. வலது கால் 500, இடது கால் 400. கண்ணு ஒண்ணு போனா 100, விரல் போனாலும் 100. முதல்ல இந்த இழப்பீடு, அப்புறம்தான் பங்கு.

பங்கும் அப்படித்தான். பார்த்தலோமியூ ராபர்ட்ஸ்னு பேர் போன கொள்ளைத் தலைவன் கப்பல்ல எழுதி வெச்ச விதிகள் 1724ல அச்சாகி வந்திருக்கு. முக்கியமான முடிவுல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஓட்டு. கேப்டனுக்கு ரெண்டு பங்கு, சாதாரண மாலுமிக்கு ஒரு பங்கு. அவ்வளவுதான் வித்தியாசம். எங்க பக்கம் வாரத்துக்கு நிலம் ஓட்டுறவன், உழுது, விதைச்சு, களை எடுத்து, அறுத்து, களத்துல பாதியை அளந்து நிலத்துக்காரருக்குக் கொடுப்பான். அவனைக் கூட்டிப் போய் இந்தக் கணக்கைக் காட்டினா எந்தப் பக்கம் சேருவான்னு சொல்ல வேண்டியதில்லை.

இதுதாங்க இந்தப் படங்களோட சொக்குப்பொடி. புதையல் வரைபடமெல்லாம் 1883ல ஸ்டீவன்சன் எழுதின நாவல் பரப்பின கதை. பலகை மேல நடக்க விட்டுக் கடல்ல தள்ளுறதும் பெரும்பாலும் கதைதான். ஆனா கரையில கோடாலி, கப்பல்ல இழப்பீடு. கரையில ஏலம், கப்பல்ல ஓட்டு. இந்த வித்தியாசம் நிஜம். ‘கேப்டன் பிளட்’ படத்துலயும் தப்பிச்சவங்க எல்லாம் கூடி நின்னு ஒப்பந்தம் போடுற காட்சி வரும். கட்டுண்டு கிடந்தவன் கையெழுத்துப் போடுறவனா ஆகுற இடம் அது. பார்க்கிறவன் மனசு அங்கதான் கப்பல் ஏறுது.

இதோட நிறுத்திட்டா நல்லாத்தான் இருக்கும். ஆனா எக்ஸ்குவெமெலின் எழுதின அந்த வரியில பாதியைத்தான் மேல சொன்னேன். மீதிப் பாதி இது: வலது கைக்கு 600 வெள்ளிக்காசு, அல்லது ஆறு அடிமைகள். இடது கைக்கு 500, அல்லது அஞ்சு அடிமைகள். கண்ணுக்கு நூறு, அல்லது ஒரு அடிமை.

ஓட்டுப் போட்டு, சமமாப் பங்கு பிரிச்ச அதே ஆளுங்க மனுசனைக் காசா எண்ணியிருக்காங்க. ஒரு மனுசன் விலை நூறு வெள்ளிக்காசு, சில்லறை மாத்துற மாதிரி. படத்துல இந்தப் பாதி வராது.

பிட்மன் கதையும் அப்படித்தான் முடியுது. 1687 மே மாசம் ஒரு ராத்திரி, சில தோழர்களோட சின்னப் படகுல பார்படோஸை விட்டுத் தப்பிச்சாரு. தண்ணி உள்ள வந்துக்கிட்டே இருக்கு, இறைச்சுக்கிட்டே போனாங்க. வெனிசுவேலாவுக்குப் பக்கத்துல ஆளில்லாத ஒரு தீவுல கரை ஏறினாங்க. அங்க நிஜக் கொள்ளைக்காரங்களே இருந்தாங்க. எங்களோட வாங்கன்னு கூப்பிட்டாங்க. இவரு மாட்டேன்னாரு. அவங்க இவரோட படகைக் கொளுத்திட்டாங்க. போறப்போ அவங்ககிட்ட பிடிபட்டிருந்த ஒரு செவ்விந்தியரை, மீன் பிடிக்க உதவுவான்னு 30 வெள்ளிக்காசு கொடுத்து பிட்மன் வாங்கிக்கிட்டாரு. ஆமைக் கறியும் ஆமை முட்டையும் தின்னு பல வாரம் கிடந்து, வேறொரு கப்பல்ல ஏறி, சுத்தி வளைச்சு இங்கிலாந்து சேர்ந்தாரு. 1689ல தான் பட்ட துன்பத்தைச் சின்னப் புத்தகமா எழுதினாரு. அந்தச் செவ்விந்தியரை வாங்கினதையும் அவரேதான் எழுதியிருக்காரு, வெட்கமே இல்லாம. ரெண்டு வருஷம் முன்னாடி தன்னை ஒருத்தன் விலைக்கு வாங்கினது ஞாபகம் இருந்த மாதிரியே தெரியலை.

ராபர்ட்ஸ் கப்பலும் பாருங்க. 1722 பிப்ரவரியில ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்துல கடற்படை குண்டுல அவன் செத்தான். கூட இருந்தவங்கள்ல 52 பேரைத் தூக்குல போட்டாங்க. கப்பல்ல இருந்த கறுப்பர்கள் எழுபது பேர் வாக்கில். அவங்களுக்கு விசாரணையும் இல்லை, தூக்கும் இல்லை. அடிமையா வித்துட்டாங்க. கொள்ளைக்காரன்னு குற்றம் சாட்டக்கூட அவங்களை மனுசக் கணக்குல சேர்க்கலை.

பார்படோஸ்ல பிட்மன் இருந்த காலத்துலயே, வெள்ளைக்காரங்களைப் போல ரெண்டு மடங்குக்கு மேல ஆப்பிரிக்க அடிமைகள் இருந்தாங்க. பத்து வருஷக் கெடுவெல்லாம் அவங்களுக்குக் கிடையாது. ஆயுசு முழுக்க, அப்புறம் பிள்ளைகளுக்கும். டாக்டர் படகேறிப் போன மறுநாள் காலையிலயும் அவங்க கரும்பு வெட்டினாங்க. 1834ல பிரிட்டிஷ்காரன் அடிமை முறையை ஒழிச்சான். தோட்டத்துக்கு ஆள் வேணுமே? இந்தியாவுல இருந்து ஒப்பந்தக் கூலிங்களைக் கப்பல்ல ஏத்துனான். பிரெஞ்சுக்காரனும் 1850கள்ல இருந்து புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துல இருந்து நம்ம தமிழ்ச் சனங்களை மார்டினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஏத்தினான். அதே கடல், அதே கரும்பு. சினிமாவுல கொள்ளைக்காரன் கொடி பறக்குற அந்தக் கடல் ஓரத்துல, நம்ம ஊர் மாரியம்மனைக் கும்பிட்டுக்கிட்டு நம்ம ஆளுங்க அரிவாளோட நின்னிருக்காங்க.

அதனால இந்தப் படங்களைப் பார்க்காதீங்கன்னு சொல்ல வரலைங்க. நான் இன்னைக்கும் டிவியில போட்டா வேலையை விட்டுட்டு உட்காருவேன். தப்பிச்சு ஓடுறவனைப் பார்த்துச் சந்தோசப்படாத மனசு என்ன மனசு? ஆனா ஒருத்தன் தப்பிக்கிறது வேற, கட்டு அறுபடுறது வேற. பிட்மன் தப்பிச்சாரு. கட்டு அப்படியே இருந்துச்சு, அதோட இன்னொரு முனையை அவரே கையில பிடிச்சாரு. நம்ம படத்துப் பாட்டுல எனக்குப் பிடிச்சது அதுதான். அதுல கதாநாயகன் தனக்கு மட்டும் விடுதலை கேட்கலை. பக்கத்துல நிக்கிற அத்தனை பேருக்கும் சேர்த்துக் கேட்கிறாரு. முன்மணல்ல இருந்தவங்க எந்திரிச்சு நின்னதும் அதனாலதான்னு நினைக்கிறேன்.

அடுத்த தடவை பார்க்கும்போது ஒண்ணு செய்யுங்க. கப்பல் வர்றதுக்கு முந்தின அரைமணி நேரத்தை ஓட்டி விடாதீங்க. தீவுல வேலை செய்யுற கூட்டத்துல, வசனமே இல்லாம பின்னாடி நிக்கிறவங்களைக் கொஞ்சம் பாருங்க. எங்க பக்கம் இந்த வருசமும் கரும்பு வெட்ட வெளி மாவட்டத்து ஆளுங்க குடும்பத்தோட வந்திருக்காங்க, மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கிக்கிட்டு. ஓலைக் குடிசைக்கு முன்னாடி பிள்ளைங்க செல்போன்ல வாள்சண்டைப் படம் பார்த்துக்கிட்டு இருக்குதுங்க. வெட்டு முடியும்போது அவங்களுக்குக் கையில என்ன மிஞ்சுதுன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். அந்தக் கணக்கை அடுத்த பதிவுல எழுதுறேன்.